இருபத்தாறாம் எண்ணுக்கு யார் உட்காருவது

வெண்மலைச் சட்டப் பல்கலைக்கழகத்தின் பட்டியலில் தன் பெயர் இல்லை என்று செண்பகவல்லி தெரிந்துகொண்ட மூன்றாம் நாள், காலை பதினொரு மணிக்கு, நேர்காணலில் அவள் உட்கார்ந்திருந்த நாற்காலி ஆலம்பட்டி டிப்போத் தெருவுக்குள் நடந்து வந்தது. பின்னால் தண்ணீர் லாரி வந்தபோது ஓரமாக ஒதுங்கி வழிவிட்டது, அயர்ன் வண்டிக்காரர் சுடலைமுத்துவின் வண்டியில் இடிக்காமல் சுற்றிப் போனது, ஏழாம் நம்பர் வீட்டு வாசலில் நின்று நான்கு காலையும் ஒரு முறை ஊன்றிப் பார்த்துவிட்டு, அதற்குப் பிறகு அசையவில்லை.

நாற்காலி எப்படி நடக்கும் என்று தெருவில் யாரும் கேட்கவில்லை. யார் அனுப்பினது என்றுதான் கேட்டார்கள்.

வல்லி வெளியே வந்து பார்த்தாள். தேக்கு மரம், இரண்டு கைப்பிடி, பிரம்புப் பின்னல். வலது கைப்பிடிக்கு அடியில் விரலை விட்டுத் தடவினாள்; கடைசிக் கேள்வியின்போது அவள் நகத்தால் சுரண்டின இடம் அங்கே இருந்தது. அந்தக் கடைசிக் கேள்வி என்ன, அதற்கு என்ன பதில் சொன்னோம் என்பது மட்டும் அவளுக்கு அன்றைக்கே மறந்துபோயிருந்தது.

"அதேதான்," என்றாள்.

அவளுடைய அப்பா கோமதிநாயகம் அரசு பஸ்ஸில் கண்டக்டர். இருபத்தெட்டு வருஷமாக டிக்கெட் எடுக்காதவர்களின் முகத்தைப் படித்துப் படித்து, எந்த முகத்தையும் முதலில் சந்தேகப்பட்டுவிட்டு அப்புறம் பேசுகிற பழக்கம் அவருக்கு வந்திருந்தது. அவர் நேராக டிப்போவுக்குப் போய், வெண்மலை வண்டியில் வந்த கண்டக்டரைப் பிடித்து விசாரித்தார்.

"ஆமா அண்ணாச்சி, எட்டு பத்து வண்டியில வந்துச்சு. பின்படிக்கட்டுப் பக்கம் நின்னுக்கிட்டே வந்துச்சு. லக்கேஜா பயணியான்னு எனக்குப் பிடிபடல, அதான் ஒண்ணும் கேக்கல."

"கூட யாராவது ஏத்திவிட்டாங்களா?"

"யாருமில்ல. அதுவா ஏறிச்சு."

"அதுவா ஏறாது. யாரோ சொல்லி ஏறியிருக்கு," என்றார் கோமதிநாயகம்.

அன்று சாயங்காலத்துக்குள் தெரு மூன்று கட்சியாகப் பிரிந்தது. பல்கலைக்கழகமே உளவு பார்க்க அனுப்பியிருக்கிறது, கிடைக்காதவர்கள் வீட்டில் என்ன பேசுகிறார்கள் என்று கேட்டுக்கொண்டுபோய்ச் சொல்லும் என்றது ஒரு கட்சி. திருட்டு நாற்காலி, நாளைக்கு வழக்கு வரும், பிள்ளையின் பெயர் கெட்டுவிடும் என்றது இன்னொன்று. வல்லிக்கு அநியாயம் நடந்ததைப் பார்த்திருக்கிறது, பொறுக்க முடியாமல் வந்துவிட்டது என்றது மூன்றாவது. வல்லியின் அம்மா இசக்கியம்மாள் நர்சிங் ஹோமில் மருந்து எடுத்துக் கொடுக்கிறவள். எந்தக் கட்சியிலும் சேராமல் நாற்காலி மேல் ஒரு பழைய போர்வையைப் போட்டு மூடினாள், அதன் பக்கத்தில் நின்று யாரும் சத்தமாகப் பேச வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள். கோமதிநாயகம் சைக்கிள் சங்கிலியால் அதன் காலை ஜன்னல் கம்பியோடு பூட்டினார். போலீஸ் ஸ்டேஷனுக்கும் போய்ச் சொன்னார். ஏட்டு எழுத மறுத்துவிட்டார்.

"காணோம்னு அவங்க புகார் குடுத்தாத்தான், கிடைச்சதுன்னு நான் எழுத முடியும். தவிர, நடந்து வந்த பொருளைக் கண்டெடுத்ததுன்னு எப்படி எழுத?"

வல்லிக்கு அநியாயம் நடந்தது என்ற கட்சிக்குத்தான் ஆள் அதிகம். காரணம் இருந்தது. வல்லியும் சுபலட்சுமியும் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. சட்டம் படிக்க வேண்டும் என்று ஒரே நாளில் முடிவெடுத்தார்கள், ஒரே கைடு வாங்கி நடுவில் பிரித்துப் பாதி பாதியாகப் படித்து மாற்றிக்கொண்டார்கள், ஒரே பஸ்ஸில் வெண்மலைக்குப் போனார்கள், ஒரே அறை வாசலில் காத்திருந்தார்கள். மாதிரித் தேர்வு எதிலும் சுபா வல்லியைத் தாண்டினதில்லை. ஆனால் பட்டியலில் சுபாவின் பெயர் இருந்தது, வல்லியின் பெயர் இல்லை. சுபாவின் அப்பா சிவஞானம் நோட்டரி வக்கீல். அவருடன் படித்த யாரோ ஒருவர் வெண்மலையில் பெரிய இடத்தில் இருக்கிறார் என்று யாரோ சொன்னார்கள், யார் சொன்னது என்று யாருக்கும் தெரியவில்லை.

அந்த மூன்று நாளில் சுபா பதினொரு தடவை போன் செய்தாள். வல்லி எடுக்கவில்லை. அவள் அழவில்லை, சாப்பாட்டை ஒதுக்கவில்லை, கதவைச் சாத்திக்கொண்டு படுக்கவில்லை. யோசித்துக்கொண்டேயிருந்தாள். தனக்கு முன்னால் உள்ளே போன சுபா ஏன் அவ்வளவு நேரம் எடுத்தாள், வெளியே வந்தபோது ஏன் தன் கண்ணைப் பார்க்கவில்லை, நடுவில் உட்கார்ந்திருந்த கண்ணாடிக்கார அம்மாள் தன் செருப்பை ஏன் பார்த்தாள், ஊர்ப் பெயரைச் சொன்னதும் ஓரத்தில் இருந்தவர் ஏன் எதையோ குறித்துக்கொண்டார். ஒவ்வொன்றையும் எடுத்து எடுத்து வைத்துப் பார்த்தாள். அப்படிப் பார்த்துக்கொண்டிருக்கிறவரைக்கும் தான் தோற்றுப்போகவில்லை, தன்னைத் தோற்கடித்துவிட்டார்கள் என்று இருந்தது. அது தாங்கக்கூடியதாக இருந்தது.

பட்டியல் வந்த ஐந்தாம் நாள் மத்தியானம், கால் வலி தாங்காமல் சுடலைமுத்து போர்வையை விலக்கிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். பத்து நிமிஷம் அசையாமல் இருந்தார். எழுந்தபோது அவர் முகம் வெளுத்திருந்தது.

"ஒரு பையன் பேசுறான்," என்றார். "முதுகெலும்பு வழியா கேக்குது. 'டோக்கன் நம்பர் ஒண்ணு'ங்கான். பேரைச் சொல்லுதான். ஒரு பொம்பள கேள்வி கேக்கா, இவன் பதில் சொல்லுதான். அவன் எந்திரிச்சுப் போன சத்தத்தோட நின்னுபோச்சு."

அடுத்து உட்கார்ந்த பாத்திரக்கடை மாரியம்மாளுக்கு இரண்டாம் எண் கேட்டது. மூன்றாவதாக உட்கார்ந்தவருக்கு மூன்றாம் எண். ஒரு எண்ணை ஒருவர் மட்டும்தான் கேட்க முடிந்தது. கேட்டு முடிந்ததும் அது போய்விட்டது, மறுபடி உட்கார்ந்தால் அடுத்த எண்தான் வந்தது. நேர்காணல் அன்றைக்கு அந்த நாற்காலியில் யார் யார் எந்த வரிசையில் உட்கார்ந்தார்களோ அந்த வரிசையிலேயே அது எல்லாவற்றையும் வைத்திருந்தது.

இசக்கியம்மாளுக்குத்தான் முதலில் உறைத்தது. "சுபாவுக்கு இருபத்தாறு, நம்ம பிள்ளைக்கு இருபத்தேழுல்லா," என்றாள்.

அதற்குப் பிறகு தெருவுக்கு வேறு வேலை ஓடவில்லை. டிப்போ மெக்கானிக்குகள் ஷிஃப்ட் முடிந்து வந்து வரிசையில் நின்றார்கள், கவுன்சிலர் பாண்டியம்மாள் வந்தாள், பக்கத்துத் தெருக்காரர்கள் வந்து, இந்தத் தெருக்காரர்களுக்குத்தான் முன்னுரிமை என்று திருப்பி அனுப்பப்பட்டார்கள். நான்காம் எண், தான் பிறப்பதற்கு முன்பிருந்து தன் குடும்பத்தின் நிலத்தகராறு கோர்ட்டில் இருக்கிறது, அதை முடிக்கத்தான் சட்டம் படிக்க வந்தேன் என்றது. ஒன்பதாம் எண் ஆறு நிமிஷம் விக்கிக்கொண்டேயிருந்தது. பதின்மூன்றாம் எண் தினமும் பேப்பர் படிப்பேன் என்றது, நேற்றைய தலைப்புச் செய்தி என்ன என்று கேட்டதும் சத்தமே வரவில்லை. கேட்டவர்கள் எழுந்து வந்து சொன்னார்கள், நின்றவர்கள் கேட்டார்கள், ஆனால் சொல்கிறவர் சரியாகத்தான் சொல்கிறாரா என்று பார்க்க வழியில்லாததால், ஒவ்வொருவர் சொல்லி முடித்ததும் மற்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பதினேழாம் எண்ணைக் கேட்ட மெக்கானிக் அருள்ராஜ் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அந்தப் பிள்ளை சொன்னதை நான் வெளிய சொல்ல முடியாது" என்று நடந்துபோய்விட்டான். "என்னத்தையோ மறைக்கான்" என்று அவனோடு தெரு நான்கு நாள் பேசவில்லை.

இதற்குள் எல்லோருக்கும் அவரவர் பழைய கணக்கு ஞாபகம் வந்துவிட்டது. போலீஸ் தேர்வில் அரை சென்டிமீட்டர் குறைகிறது என்று சுடலைமுத்துவைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். அந்த டேப் சரியான டேப்தானா என்று முப்பது வருஷம் கழித்து அவருக்கு மறுபடி எரிந்தது. மாரியம்மாளைப் பெண் பார்க்க வந்து போய் பதில் சொல்லாத சாத்தூர்க்காரர்களிடம் யார் என்ன சொல்லியிருப்பார்கள் என்று அவள் தன் சொந்த அக்காவையே உற்றுப் பார்க்க ஆரம்பித்தாள். டிப்போத் தெருவில் ஒருவருக்கொருவர் காப்பித்தூள் கேட்டு வாங்குவதுகூட நின்றுபோனது.

இருபத்தைந்தாம் எண் முடிந்தது சனிக்கிழமை காலை பத்தரைக்கு. நாற்காலி காலியாக இருந்தது. நாற்பது பேர் சுற்றி நின்றார்கள், யாரும் உட்காரவில்லை.

"நான் உக்காருதேன்," என்றார் கோமதிநாயகம். "அவ அப்பன் பேரு அங்க எத்தனை தடவை அடிபடுதுன்னு நான் கேக்கணும்."

"நீங்க சொன்னா நம்புவாங்களா அண்ணாச்சி? நீங்க பிள்ளையோட அப்பா," என்றாள் கவுன்சிலர். "நான் பொதுவான ஆளு."

"உன் வீட்டுக் கல்யாணப் பத்திரத்துல கையெழுத்துப் போட்டது சிவஞானம். நீ எப்படிப் பொதுவான ஆளு?"

சத்தம் ஏறிக்கொண்டிருந்தபோது தெருமுனையில் ஒரு ஸ்கூட்டி வந்து நின்றது. சுபலட்சுமி இறங்கினாள். கூட்டம் பேச்சை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தது. அவள் நேராக வல்லியிடம் வந்தாள்.

"நான் பேசினதைத் தெருவுல வச்சுக் கேக்கப் போறீங்களாமே?"

"நான் கூப்பிடல. அதுவா வந்துச்சு."

"சங்கிலி போட்டுப் பூட்டினது யாரு? அதுவா பூட்டிக்கிச்சா?" என்றாள் சுபா. "பதினொரு தடவை கூப்பிட்டேன் வல்லி. எடுத்து ஒரு கேள்வி கேட்டிருக்கலாம்லா."

"கேட்டா உண்மையைச் சொல்லியிருப்பியா?"

சுபா நாற்காலியைப் பார்த்தாள். பிறகு, "நானே உக்காருதேன்" என்றாள்.

"அதெப்படி! குத்தம் சாட்டப்பட்டவளே சாட்சியா?" என்று கூட்டத்தில் யாரோ கத்தினார்கள்.

"அப்ப நீ உக்காரு," என்றாள் சுபா வல்லியிடம். "என்னுதை நீ கேளு. அடுத்து வாறது உன்னுது. அதை நான் கேக்கேன். நீ கேட்டதை நீ சொல்லு, நான் கேட்டதை நான் சொல்லுதேன்."

"ரெண்டு பேரும் பேசிவச்சுக்கிட்டு ஏமாத்தினா?" என்றார் சுடலைமுத்து.

"எட்டு நாளா நாங்க பேசவே இல்ல அண்ணாச்சி," என்றாள் வல்லி.

அவளுக்கு உட்காரப் பயமாக இருந்தது. சுபா குறுக்கு வழியில் போயிருந்தால் அந்த நட்பு போய்விடும். நேர் வழியில் போயிருந்தால் இத்தனை நாள் தாங்கிப் பிடித்த சந்தேகம் போய்விடும், அப்புறம் பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. இருந்தாலும் உட்கார்ந்தாள்.

டோக்கன் நம்பர் இருபத்தாறு என்று சுபாவின் குரல் முதுகில் ஏறியது. பெயர், ஊர், பள்ளிக்கூடம். காகிதம் புரளும் சத்தம். பிறகு ஓரத்தில் இருந்தவரின் குரல், சாதாரணமாக, அவசரமில்லாமல்: "சிவஞானம் பொண்ணா? அப்பா நல்லா இருக்காரா?"

"நல்லா இருக்காங்க சார்."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஒன்பது கேள்வி. வல்லி விரல் விட்டு எண்ணினாள். இரண்டு கேள்விக்குத் தெரியாது என்று சுபா சொன்னாள், தெரியாததைத் தெரியாது என்று அவ்வளவு நேராகச் சொல்ல முடியும் என்று வல்லிக்கு அதுவரை தோன்றியதில்லை. ஒரு கேள்வியில் கண்ணாடிக்கார அம்மாள் மறுத்துப் பேசினாள். சுபா, "இல்லம்மா, எனக்கு அப்படித் தோணல" என்று காரணம் சொன்னாள். காரணம் தப்பு, ஆனால் அவளுடையது. வல்லி எழுந்தாள்.

கூட்டம் நெருங்கியது. வல்லி கையைக் காட்டி நிறுத்தினாள். "அவளும் உக்காரட்டும். பிறகு சொல்லுதேன்."

சுபா உட்கார்ந்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். நடுவில் ஒருமுறை சிரித்தாள். கடைசியில், மற்றவர்கள் எழுந்துவிடுகிற நேரம் தாண்டியும் அவள் எழவில்லை. நேர்காணல் நாளில் இருபத்தேழாம் எண் மதியச் சாப்பாட்டுக்கு முந்தின கடைசி எண் என்பதும், தான் வெளியே போன பிறகு அறையில் பேசினதையும் சும்மா கிடந்த நாற்காலி கேட்டிருக்கும் என்பதும் வல்லிக்கு அப்போதுதான் உறைத்தது. எழுந்தபோது சுபாவின் முகம் வெளிறியிருந்தது.

"நல்லாத்தான் சொல்லியிருக்க," என்றாள் மெதுவாக.

"நான் போன பிறகு என்ன பேசினாங்க?"

"ஒண்ணுமில்ல."

"சுபா."

அவர்கள் இரண்டு பேரும் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினார்கள். தெரு கதவைப் பார்த்துக்கொண்டு நின்றது. உள்ளே இசக்கியம்மாள் மட்டும் இருந்தாள், அடுப்பைப் பார்த்தபடி, அவர்கள் பக்கம் திரும்பாமல்.

வல்லி முதலில் சொன்னாள். நலம் விசாரித்ததை அதே குரலில், அதே வேகத்தில் சொன்னாள். சுபா தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அதான் வல்லி. அந்த ஒரு வார்த்தைதான். அப்பாகிட்ட கேட்டேன், எனக்கு அங்க யாரையும் தெரியாதுங்காரு. ஃபாரத்துல நோட்டரின்னு பாத்துக் கேட்டாங்களா, தெரிஞ்சு கேட்டாங்களா, அதுக்காக மார்க் போட்டாங்களா, ஒண்ணும் எனக்குத் தெரியல. எனக்குக் கிடைச்சது எனக்குத்தானான்னு தெரியாம நான் எப்படி அங்க போய் உக்காருவேன்? அதைச் சொல்லத்தான் உன்னைக் கூப்பிட்டேன்."

வல்லியும் தரையில் அவள் எதிரே உட்கார்ந்தாள். "இப்ப என்னுதைச் சொல்லு."

"வேண்டாம்டி."

"நான் உன்னுதைச் சொன்னேன்."

சுபா அவளைப் பார்க்காமல் சொன்னாள். "கடைசிக் கேள்வி, ஒருத்தன் குத்தவாளின்னு உனக்கு உறுதியாத் தெரியும், ஆதாரம் இல்ல, என்ன செய்வேன்னு கேட்டாங்க. நீ நாலு விதமா பதில் சொன்ன. அவங்க 'ம்'னுகூடச் சொல்லல, மாத்தின. மறுபடி மாத்தின. நீ போனதும் அந்தம்மா சொல்லுது, 'ரொம்பப் படிச்ச பொண்ணு. ஆனா ஒவ்வொரு பதிலுக்கும் நம்ம முகத்தையே பாக்குறா. நமக்கு என்ன வேணும்னுதான் தேடுறா. அவ என்ன நினைக்கிறான்னு கடைசிவரை சொல்லவே இல்ல'ன்னு. அந்தச் சார் ஒண்ணும் சொல்லல. பேப்பரை மடிச்ச சத்தம் கேட்டுது."

வல்லி அப்போதுதான் அழுதாள். எட்டு நாள் அழாததையும் சேர்த்து அழுதாள். இசக்கியம்மாள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்தாள்.

வெளியே வந்து வல்லி படியில் நின்றாள். நாற்பது முகங்கள் அவளுக்கு என்ன சொல்ல வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தன. அவள் எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

"அப்பா நல்லா இருக்காரான்னு ஒரு ஆளு அவகிட்ட கேட்டாரு."

"பாத்தியா!" என்று கோமதிநாயகம் கையைத் தட்டினார். தெரு ஒரே சத்தமாக இரைந்தது.

"இன்னும் முடிக்கல. அதுக்குப் பிறகு ஒன்பது கேள்வி கேட்டாங்க. ஒன்பதுலயும் அவ என்னைவிட நல்லா பேசினா. கேட்டதும் உண்மை, அவ நல்லா பேசினதும் உண்மை. எதுக்காகக் கிடைச்சதுன்னு அந்த நாற்காலிக்கும் தெரியாது. ஒண்ணை மட்டும் எடுத்துக்கிட்டு இன்னொண்ணை விட்டுட்டுப் பேசுறவங்க என் பேரைச் சொல்லிப் பேசாதீங்க."

தெருவுக்கு இது போதவில்லை. உள்ளே வைத்துப் பேசி முடித்துவிட்டார்கள் என்று பாதிப் பேர் சொன்னார்கள், சாயங்காலத்துக்குள் முக்கால்வாசிப் பேர் சொன்னார்கள். அப்பா அன்றைக்கு மகளோடு சேர்ந்து சாப்பிடவில்லை. மறுநாள் காலையில் சங்கிலி பூட்டியபடியே ஜன்னல் கம்பியில் தொங்கியது, நாற்காலியைக் காணவில்லை. இருபத்தெட்டாம் எண்ணின் ஊருக்குப் போயிருக்கும் என்றார்கள். யார் அவிழ்த்துவிட்டது என்று ஒருவரையொருவர் கொஞ்ச நாள் கேட்டுக்கொண்டார்கள். அருள்ராஜிடம் மட்டும் எல்லோரும் பேச ஆரம்பித்தார்கள், ஏன் என்று யாரும் சொல்லவில்லை.

ஆகஸ்டில் வல்லி மாவட்டத் தலைநகரில் இருக்கிற சட்டக் கல்லூரியில் சேர்ந்தாள். மழை பெய்தால் வகுப்பை மாற்றுகிற கட்டடம் அது. முதல் மாதம் அவளுக்கு அங்கே யாரையும் பிடிக்கவில்லை, இரண்டாம் மாதம் வாதப்போட்டியில் நீதிபதியாக உட்கார்ந்திருந்த பேராசிரியரை மறுத்துப் பேசித் தோற்றாள், தோற்றுவிட்டு விடுதிக்குப் போய் நன்றாகத் தூங்கினாள். நேர்காணல் நடத்துகிறவர்களின் கைக்குப் போகிற தாளில் விண்ணப்பதாரரின் எண் தவிர, தகப்பன் பெயரோ தொழிலோ ஊரோ இருக்கக்கூடாது என்று வெண்மலைக்குப் போன கடிதத்துக்கு, பரிசீலிக்கிறோம் என்று ஒரு வரி பதில் நவம்பரில் வந்தது. அடுத்த வருஷம் ஊரையும் தொழிலையும் எடுத்துவிட்டார்கள், பெயரை எடுக்கவில்லை.

அந்தக் கடிதத்தை வல்லி எழுதினது, நாற்காலி போன மறுநாள். இரண்டு பேர் கையெழுத்துக்கு இடம் விட்டு எழுதினாள். யாருக்கு என்ன நடந்தது என்று அதில் ஒரு வார்த்தை எழுதவில்லை. எழுதினால் சுபா போட மாட்டாள் என்று நினைத்தாள், போட்டால் அவள் சேர்ந்த பிறகு அவளை என்ன செய்வார்களோ என்றும் நினைத்தாள், இந்த இரண்டில் எது தன் உண்மையான நினைப்பு என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. சுபா வாசித்துப் பார்த்து, "ஒரு நாள் டைம் குடு" என்று எடுத்துக்கொண்டு போனாள்.

"வராது," என்றார் கோமதிநாயகம். "சீட்டைக் கையில வச்சுக்கிட்டு எவளாவது போடுவாளா? கிழிச்சுப் போட்டிருப்பா."

அன்றைக்கு வரவில்லை. மறுநாள் காலையிலும் வரவில்லை. வல்லி போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள், பார்க்கிறோம் என்று தெரிந்து தலையணைக்கு அடியில் வைத்தாள். மூன்று மணிக்கு சுபா வந்து, கடிதத்தை மேசையில் விரித்து வைத்தாள். கீழே வல்லியின் கையெழுத்துக்கான இடம் காலியாகவே இருக்க, பக்கத்தில் சுபாவின் கையெழுத்து இருந்தது. அதற்கு மேலே, வல்லி விட்டிருந்த வெற்றிடத்தில், நீல மையில் ஒரு வரி சேர்த்திருந்தாள்: 'எண் இருபத்தாறாகிய என்னிடம், என் தந்தை நலமா என்று கேட்கப்பட்டது, எனக்கு இடம் கிடைத்தது.'

வல்லி அதை இரண்டு முறை வாசித்தாள். கோமதிநாயகம் அவள் தோளுக்குப் பின்னால் நின்று வாசித்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் வாசித்தார், பிறகு சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து மகளிடம் நீட்டினார்.